கோபம் வழக்குத் தொடுக்கட்டும். தீர்ப்பு எழுத வேண்டாம்

மும்பை அருகே உல்லாஸ்நகர் சாந்திநகர் மயானத்தில் 2024 செப்டம்பர் 29 அன்று ஒரு குழி தோண்டினார்கள். அதில் அடக்கம் செய்யப்பட வேண்டியவர் ஆறு நாளுக்கு முன் போலீஸ் வேனுக்குள் சுட்டுக் கொல்லப்பட்டவர். பத்லாபூரில் ஒரு பள்ளியில் மழலையர் வகுப்புச் சிறுமிகள் இருவரிடம் பாலியல் வன்கொடுமை செய்தார் என்று குற்றம் சாட்டப்பட்ட துப்புரவுத் தொழிலாளி. அவருடைய பெற்றோர் பத்லாபூரில் இடம் தேடினார்கள், எங்கள் அம்பர்நாத்தில் தேடினார்கள், கல்வாவில் தேடினார்கள், எங்கும் கிடைக்கவில்லை. அரசே இடம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உல்லாஸ்நகரில் குழி வெட்டப்பட்டது. அந்தக் குழியையும் அக்கம்பக்கத்தார் வந்து மண்ணைத் தள்ளி மூடினார்கள். கடைசியில் போலீஸ் காவலோடு அடக்கம் நடந்தது.

குழியை மூடியவர்கள் கொடியவர்கள் இல்லை. எங்களோடு அதே லோக்கலில் ஏறி இறங்குகிறவர்கள், பிள்ளை குட்டி உள்ளவர்கள். இந்த ஊர் மண்ணில் இவனுக்கு இடமில்லை என்றபோது அவர்கள் தங்கள் மனசாட்சி சொன்னதாகவே நம்பினார்கள். வக்கீல், சாட்சி, வாய்தா எல்லாம் கெட்டவனைக் காப்பாற்ற வைத்திருக்கும் வேலி, நல்லவர்களுக்குக் கோபம் வந்தால் அந்த வேலியைத் தாண்டிவிடலாம் என்ற எண்ணம் அன்று ஊர் முழுக்க இருந்தது. இன்றும் இருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் என் வழக்கு.

நான் அம்பர்நாத் கிழக்கில் மழலையர் வகுப்பு எடுக்கும் டீச்சர். அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கே ஆலையில் வேலை பார்த்தவர். நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் இந்த ஊர்தான். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நடுவில்தான் என் காலைப்பொழுது கழிகிறது. பத்லாபூர் எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு என்ன வேலை, எது வரை வேலை என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள்

2024 ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் நடந்ததாகச் சொல்லப்படும் குற்றம் அது. சிறுமிகளின் பெற்றோர் புகார் கொடுக்கப் போனபோது காவல் நிலையத்தில் பல மணி நேரம் காக்க வைக்கப்பட்டார்கள். முதல் தகவல் அறிக்கை 16ஆம் தேதி பதிவாகி, மறுநாள் கைது நடந்தது. பள்ளி நிர்வாகத்துக்கு விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பள்ளி, போலீஸ் இரண்டு பேருக்கும் கடமை விதித்திருக்கிறது. இப்படி ஒரு குற்றம் தெரியவந்தால் சொல்லாமல் இருப்பது குற்றம். சொன்னதைப் பதியாமல் இருப்பதும் குற்றம். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அதற்குப் பிடித்த இடத்திலோ, இயன்ற வரையில் பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அவ்வளவு கரிசனமாக எழுதப்பட்ட சட்டம் இருக்கும் நாட்டில்தான் அந்தத் தாய் காவல் நிலையத்தில் காத்துக் கிடந்தார்.

ஆகஸ்ட் 20 காலை பத்லாபூர் மக்கள் தண்டவாளத்தில் இறங்கினார்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடவில்லை. வெளியூர் ரயில்கள் பன்வேல் வழியாகத் திருப்பி விடப்பட்டன. அம்பர்நாத் பிளாட்பாரத்தில் வேலைக்குப் போக முடியாமல் நின்றவர்களில் ஒருவர்கூட அன்று அந்தக் கூட்டத்தைத் திட்டி நான் கேட்கவில்லை. சாயங்காலம் தடியடி நடந்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

ரயிலை மறிப்பது சட்டப்படி குற்றம். இருந்தாலும் அன்று தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் பக்கம்தான் நான் இருந்தேன், இருக்கிறேன். கல் எறிந்தவர்களையும், குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் வீட்டைத் தாக்கியவர்களையும் சேர்த்துச் சொல்லவில்லை. வெயிலில் உட்கார்ந்து "எங்கள் பிள்ளைக்குப் பதில் சொல்" என்று கேட்ட தாய்மார்களைச் சொல்கிறேன். பலன் கண்முன் நடந்தது. காவல் அதிகாரிகள் சஸ்பெண்ட் ஆனார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. மும்பை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. நீதிபதிகள் ரேவதி மோஹிதே டேரேயும் பிருத்விராஜ் சவானும் இருந்த அமர்வு, மக்கள் கொதித்து எழாவிட்டால் இயந்திரம் நகராதா என்று கேட்டது. அந்தக் கேள்விக்குள்ளேயே அந்த மறியலுக்கான நியாயமும் இருக்கிறது.

தூங்குகிற சட்டத்தைத் தட்டி எழுப்ப ஊரின் அறவுணர்ச்சிக்கு உரிமை உண்டு. அது இல்லாத ஊரில் எவ்வளவு நல்ல சட்டமும் அலமாரியில்தான் இருக்கும். ஆகஸ்ட் 20 வரை பத்லாபூர் செய்தது சரி.

சோலி முடிந்ததா?

செப்டம்பர் 23 மாலை நடந்தது வேறு. சிறப்புக் குழு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து சில நாள்தான் ஆகியிருந்தது. இன்னொரு வழக்கின் விசாரணைக்காக அந்த மனிதரைத் தலோஜா சிறையிலிருந்து வேனில் அழைத்து வந்தார்கள். மும்ப்ரா பைபாஸ் அருகே அவர் ஒரு அதிகாரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டார், தற்காப்புக்காகத் திருப்பிச் சுட்டதில் இறந்தார் என்பது போலீஸ் தரப்பு. அன்று இரவே பட்டாசு வெடித்தது. ஊர்ப் பெயரோடு ஒலி சேர்த்து, பழி தீர்ந்தது என்று பொருள்படும் பதாகைகள் மும்பையில் முளைத்தன.

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மறுநாள் காலை பேடா டப்பாவை நீட்டினார். "எடுத்துக்கோங்க டீச்சர், சோலி முடிஞ்சிட்டு" என்றார். "யாரு சோலி அண்ணாச்சி முடிஞ்சிட்டு? அந்தப் பிள்ளையளுக்க கேசு சோலியும் சேந்துல்லா முடிஞ்சிட்டு" என்று கேட்டேன். அவர் டப்பாவை மூடிவைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பருப்பு நிறுக்கப் போனார்.

நான் கோபத்தில் கேட்டது இல்லை அது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவர் மீதான வழக்கு அத்தோடு முடிந்துவிடும். அந்த இரண்டு சிறுமிகள் சொன்னது உண்மை என்று ஒரு நீதிமன்றம் எழுதித்தரும் வாய்ப்பு போய்விட்டது. அவர் அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்ததே அந்த ஆகஸ்ட் 1ஆம் தேதிதான். ஒப்பந்த ஆளாகச் சேர்த்தது யார், யார் விசாரித்துச் சேர்த்தார்கள், குழந்தைகளின் கழிப்பறைக்கு ஒரு பெண் உதவியாளர் ஏன் இல்லை, விஷயம் தெரிந்ததும் யார் யாருக்குச் சொன்னார்கள் என்பதெல்லாம் குறுக்கு விசாரணையில் ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கும். பள்ளி நிர்வாகிகள் இருவர் அக்டோபர் தொடக்கத்தில்தான் கைதாகி, பிறகு ஜாமீனில் வந்தார்கள். அதற்குள் ஊரின் கவனம் கலைந்துவிட்டது. ஒருவர் செத்ததும் கணக்குத் தீர்ந்ததாக நாம் நினைத்துக்கொண்டதால், கணக்குச் சொல்ல வேண்டிய மற்றவர்களுக்கு நாமே வழி விட்டோம்.

உயர் நீதிமன்றம் அந்தச் சாவையும் விசாரித்தது. ஒரு வேனில் இருந்த இத்தனை போலீஸ்காரர்களால் ஒருவரை அடக்க முடியவில்லையா, காலில் சுடாமல் தலையில் ஏன் சுட்டார்கள், பழக்கமில்லாதவர் பிஸ்டலை எப்படி அவ்வளவு எளிதாக இயக்கினார் என்று நீதிபதிகள் கேட்டார்கள். 2025 ஜனவரியில் மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கை, அங்கே பலப்பிரயோகம் நியாயமானதாக இல்லை என்றும், ஐந்து போலீஸ்காரர்கள் பொறுப்பு என்றும், இறந்தவரின் கைரேகை துப்பாக்கியில் இல்லை என்றும் சொன்னது. ஏப்ரலில் வழக்குப் பதிந்து சிறப்புக் குழு விசாரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கிடையே, இந்த அலைச்சல் எங்களுக்குத் தாங்கவில்லை, வழக்கை நடத்த விருப்பமில்லை என்று இறந்தவரின் பெற்றோர் நீதிமன்றத்தில் சொன்னார்கள்.

அந்தப் போலீஸ்காரர்கள் கொலைகாரர்கள் என்று நான் சொல்லவில்லை. அறிக்கை ஒன்று சொல்கிறது, அவர்கள் தரப்பு வேறொன்று சொல்கிறது. அவர்களுக்கும் வக்கீல் வேண்டும், சாட்சிகளைக் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும், ஆதாரம் பார்த்து எழுதிய தீர்ப்பு வேண்டும். வேனில் இருந்த மனிதருக்குக் கிடைக்காதது அவர்களுக்கும் கிடைக்காமல் போக வேண்டும் என்று நான் கேட்டால், பதாகை கட்டியவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

மும்பைக்கு இது புதிதும் இல்லை. 1995 முதல் 1997 வரை மும்பைப் போலீஸ் நடத்திய 99 மோதல்களில் 135 பேர் இறந்ததைப் பற்றித் தொடுக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், வேறு நிலைய அதிகாரிகளோ சி.ஐ.டி.யோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும், சுட்ட கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது என்று நெறிமுறைகள் வந்தன. அந்தத் தீர்ப்பின் தேதி 2014 செப்டம்பர் 23. சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே தேதியில்தான் மும்ப்ராவில் துப்பாக்கி வெடித்தது.

குழந்தை சொல்வதைக் கேட்பது

"கண்ணால் பார்த்த மாதிரி ஊருக்கே தெரியுது, இதுல என்ன விசாரணை?" என்று கேட்பவர்களுக்கு என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஆகஸ்ட் மாதக் கடைசி. எல்லாத் தாய்மார்களும் பிள்ளைகளை வாசலில் விட்டுவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்த நேரம். ஒரு சிறுமி கை கழுவும் குழாய்ப் பக்கம் போக மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அம்மா கேட்டதற்கு "அங்கிள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மோட்டார் போட வரும் ஆளை அன்று மாலைக்குள் நாலு பேர் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் நேராகக் கேட்டால், நாம் விரும்பும் பதிலைத்தான் அது கொடுக்கும். தலையாட்டச் சொன்னால் தலையாட்டும். மெழுகுக் கலர் கொடுத்து, பக்கத்தில் நானும் படம் வரைந்துகொண்டு இருந்தேன். வீடு வரைந்தாள், மரம் வரைந்தாள், ஒரு குழாய் வரைந்தாள். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மராத்தியும் இந்தியும் கலந்து வந்தது: குழாயைத் திறந்து விளையாடினாள், தண்ணீர் வீணாகிறது என்று அவர் அதட்டினார், அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றார். அவ்வளவுதான். மறுநாள் அவரே வந்து குழாயைத் திறந்து காட்டி அவளைச் சிரிக்க வைத்தார்.

அந்தச் சிறுமி வேறு மாதிரி ஒரு உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே பொறுமைதான் வேண்டியிருக்கும். அப்படியானால் அவள் சொன்னது முழுதாகவும் சிதையாமலும் எழுத்தில் ஏற வேண்டும்; நாளைக்கு எந்த வக்கீலும் அசைக்க முடியாதபடி ஏற வேண்டும். போக்சோ நீதிமன்றம் இதற்காகவே அமைக்கப்பட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் குழந்தையிடம் நேரே கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் கேட்பார். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. நடுவில் இடைவேளை கொடுக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். இயன்ற வரையில் ஒரு வருஷத்துக்குள் வழக்கு முடிய வேண்டும். ஒரு குழந்தையின் சொல்லுக்கு ஒரு நாடு இவ்வளவு மரியாதை கொடுக்கிறது என்றால், அதைவிடப் பெரிய ஒழுக்கத்தை நான் எங்கே போய்த் தேடுவது? மும்ப்ராவில் வெடித்த துப்பாக்கி பத்லாபூர்க் குழந்தைகளிடம் எதையும் கேட்கவில்லை.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஒரு கால்நடை மருத்துவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டபோது, போலீசார் மேல் மக்கள் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022இல் அறிக்கை கொடுத்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், பத்துப் போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும், இறந்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றது. பூத் தூவியபோது அந்த வயது யாருக்கும் தெரியாது, விசாரித்தால்தானே தெரியும்!

தண்டனையை யார் சுமப்பது?

சட்டத்தை மீறவே கூடாது என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இந்த மும்பையில்தான் ருக்மாபாய் வாழ்ந்தார். பதினோரு வயதில் கட்டிவைத்த கல்யாணத்தைப் பெரியவளான பிறகு அவர் ஏற்க மறுத்தார். கணவர் வழக்குப் போட்டார். கணவரோடு போய் வாழ வேண்டும், இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று 1887இல் நீதிமன்றம் சொன்னது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். சட்டமும் அவருக்கு எதிராக இருந்தது, ஊரின் ஒழுக்கமும் எதிராக இருந்தது. 1888இல் சமரசத்தில் வழக்கு முடிந்தது. அவர் இங்கிலாந்து போய் மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். அந்த விவாதத்தின் சூட்டில்தான் 1891இல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. பெண் குழந்தைகளின் உடலுறவுச் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம், அவ்வளவுதான். அதற்கே தர்மம் அழிந்தது என்று கூட்டம் போட்டார்கள். திலகரே அரசு இதில் தலையிடக் கூடாது என்று எதிர்த்தார். ஊரின் பெரும்பான்மை ஒழுக்கம் என்று எதை நினைக்கிறதோ அதுவே அறம் என்றால், பத்து வயதுச் சிறுமிக்கு அன்று யாருமே இல்லை.

ருக்மாபாயையும் குழியை மூடியவர்களையும் பிரித்துப் பார்க்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. அறத்துக்காகச் சட்டத்தை மீறுகிறவர் அதன் விலையைத் தானே கொடுக்கிறார். ருக்மாபாய் சிறைக்குத் தயாரானார். காந்தி 1922இல் ஆமதாபாத் நீதிமன்றத்தில் அதிகபட்சத் தண்டனை கொடுங்கள் என்றார். பத்லாபூர் தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் லத்தி அடியும் வழக்கும் வாங்கினார்கள். கூட்டம் சேர்ந்து பழி தீர்க்கும்போதோ விலையை இன்னொருவர் கொடுக்கிறார். பல சமயம் அவரோடு சம்பந்தப்பட்டவர்கள் கொடுக்கிறார்கள். மகன் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குப் பெற்றோர் ஊரைவிட்டுப் போக நேர்ந்தது எந்த அறம்?

எங்கள் அண்ணாச்சி 2020 ஜூனில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். சாத்தான்குளத்தில் செல்போன் கடையை ஊரடங்கு நேரத்துக்கு மேல் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போன தந்தையும் மகனும், அடுத்தடுத்த நாளில் கோவில்பட்டியில் இறந்தார்கள். "கடைக்காரன்னா அவ்வளவு எளப்பமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குச் சொந்த ஊர் அங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை, எங்கள் அப்பாவுக்கும்தான். அந்த வழக்கு நிலைத்து நின்றது எப்படி? உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக எடுத்தது. மாஜிஸ்திரேட் அந்தக் காவல் நிலையத்துக்கே போனார். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், சக போலீஸ்காரர்கள் சுற்றி நிற்கும்போதே, அந்த இரவில் தான் பார்த்ததைச் சொன்னார். தன் வேலைக்கும் உயிருக்கும் என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னார். அறம் என்று நான் நினைப்பது அதைத்தான். அதைச் சொல்ல ஓர் இடமும், கேட்டு எழுத ஒருவரும் இருந்ததால்தான் அது சாட்சியம் ஆனது. அந்த இடத்தைக் கொடுத்தது சட்டம். காவலில் இருப்பவரைப் போலீஸ் கொல்லலாம் என்று செப்டம்பரில் கைதட்டிவிட்டு, சாத்தான்குளத்துக்கு மட்டும் நியாயம் கேட்க முடியாது. கையில் லத்தி வைத்திருப்பவர் நல்லவனையும் கெட்டவனையும் சரியாகப் பிரித்துவிடுவார் என்று நம்பிய இடத்தில்தான் அந்தத் தந்தையும் மகனும் செத்தார்கள்.

மேல்முறையீடு இல்லாத நீதி

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. மாட்டுங்காவிலும் தாராவியிலும் தாதா வரதராஜ முதலியாரிடம் பஞ்சாயத்துக்குப் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. போலீசில் நம் பாஷை எடுபடாது, புகாரை வாங்க மாட்டார்கள், வரதாபாய் உட்கார வைத்துக் கேட்பார், ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைப்பார் என்று அப்பாவின் நண்பர்கள் சொல்வார்கள். அந்த நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன். நாதியற்று வந்தவர்களுக்குக் காது கொடுத்தவர் அவர். ஆனால் அதே கை கள்ளச்சாராயத்தையும் ஓட்டியது. அவர் தீர்ப்பு தப்பாகப் போனவர்கள் யாரிடம் முறையிட்டார்கள்? அவர் 1988இல் சென்னையில் இறந்தபோது அந்த நீதியும் அவரோடு போயிற்று. காவல் நிலையத்தில் தமிழருக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை அப்போதும் வரவில்லை. ஒரு மனிதரின் நல்ல குணத்தை நம்பி நடக்கும் நீதி அவர் ஆயுளோடு முடிந்துவிடும்.

கோவலன் கதை நம் எல்லோருக்கும் தெரியும். திருடன் என்று ஒரு பொற்கொல்லன் சொன்னான், விசாரிக்காமல் அரசன் ஆணையிட்டான், வெட்டிவிட்டார்கள். திருட்டைத் தண்டிப்பது அறம் என்பதில் அரசனுக்குச் சந்தேகமே இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காததுதான் பிழை. உண்மை தெரிந்ததும் அவன் உயிரை விட்டான் என்று நம் காப்பியம் சொல்கிறது. மும்ப்ரா சம்பவம் நடந்து மூன்று வாரத்துக்குள் வந்த 'வேட்டையன்' படமும், ஒரு என்கவுன்டர் போலீஸ் அதிகாரி ஆள் மாறிக் கொன்றுவிட்ட கதைதான். ரஜினி படத்தை முதல் நாளே பார்த்து விசிலடித்தவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. காப்பியத்திலும் திரையிலும் நமக்குப் புரிவது, பக்கத்து ஊரில் நடக்கும்போது ஏன் புரிய மாட்டேன் என்கிறது?

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதைத்தான் சொன்னார். அரசியல் சட்டத்தை மதிக்கும் ஒழுக்கம் மனிதருக்கு இயல்பாக வந்துவிடாது, அதைப் பழகி வளர்க்க வேண்டும் என்றார். எங்கள் அம்பர்நாத்தில் அவர் படம் இல்லாத சால் குடியிருப்பு அபூர்வம். ஏப்ரல் 14க்கு நீலக்கொடி கட்டாத தெரு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் உண்டு, தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று எழுதியது அவர் தலைமையில் உருவான அரசியல் சட்டம்தான். பிடித்தவருக்கு மட்டும் அந்த உரிமை என்றால், அதை எழுதியே வைத்திருக்க வேண்டாம்.

வாசலில் நிற்போம்

வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கிறது, அதற்குள் குழந்தை பெரியவளாகிவிடுகிறாள், குற்றவாளி வெளியே திரிகிறான் என்பது பொய்யில்லை. என்கவுன்டருக்குக் கைதட்டும் பலர் இந்த அலுப்பில்தான் கைதட்டுகிறார்கள். அந்த அலுப்புக்கு மருந்து வழக்கை விரைவுபடுத்துவது. வழக்கே வேண்டாம் என்பது இல்லை.

அதனால் என் வகுப்புத் தாய்மார்களிடம் நான் சொல்வது இவைதான். பள்ளியில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதோடு, கழிப்பறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், அவர்களை யார் விசாரித்து வேலைக்கு எடுத்தது, சி.சி.டி.வி. ஓடுகிறதா என்றும் கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் அதட்டாமல், சொல்லிக்கொடுக்காமல் கேளுங்கள். காவல் நிலையத்தில் புகாரை வாங்கவில்லை என்றால் மேலதிகாரிக்குத் தபாலில் எழுதுங்கள், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போங்கள். சட்டம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. காக்க வைத்த அதிகாரியின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குச் சொல்வது ஒன்று. கல்யாண் நீதிமன்றத்திலும் தாணே நீதிமன்றத்திலும் இப்படிப்பட்ட வழக்குகள் நடந்துகொண்டே இருக்கின்றன. போக்சோ விசாரணை மூடிய அறையில் நடக்கும், உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் அந்தக் குடும்பத்தோடு வாசல் வரை போகலாம். சாட்சி சொல்ல வரும் தாய்க்கு ஒரு நாள் கூலி போகாமல் பார்த்துக்கொள்ளலாம். அரசு வக்கீல் வரவில்லை என்று வாய்தா விழுந்தால், ஏன் வரவில்லை என்று கூட்டமாகக் கேட்கலாம். ஆகஸ்ட் 20 அன்று தண்டவாளத்தை நிரப்பிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, மாதம் ஒரு முறை அந்த வாசலில் நின்றால் போதும். எந்த வழக்கும் ஐந்து வருஷம் தூங்காது. பத்லாபூர் வழக்கில் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு என்ன ஆயிற்று, வேனில் நடந்ததன் விசாரணை எங்கே நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு நாம் அதைத் தொடங்கலாம். அந்தச் சிறுமிகள் வளர்ந்து, எனக்காக நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கும் நாள் வரும். அன்று காட்ட நம்மிடம் தீர்ப்புகள் இருக்க வேண்டும்.